கிளிக்கு மிளகாய் எரியாதா?



2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய நம்ம ராமநாதபுரம் முண்டு மிளகாயைக் கடித்தால் நமக்குக் கண்ணீர் வரும். கிளியோ அசராமல் தின்னும்! எரிச்சல் தருவது கேப்சைசின் என்ற பொருள். பறவைகளுக்கு அந்த எரிச்சல் தெரியாது. பழுத்த மிளகாயில் வைட்டமின் ஏ கிடைக்க வழியும் இருக்கிறது.

எங்கள் தெருவில் சில வீடுகளில் லவ் பேர்ட்ஸ் வளர்க்கிறார்கள். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த அதுவும் கிளி இனம்தான். வெறும் தினையைப் போட்டுவிட்டு, "நல்லாத்தானே திங்குது" என்பார்கள். நாம் மூணு வேளையும் வெறும் சோறே சாப்பிட்டால் உடம்பு தாங்குமா? தினையில் வைட்டமின் ஏ-யும் சுண்ணாம்புச் சத்தும் போதாது. சுண்ணாம்புச் சத்து குறைந்தால் முட்டை வெளியே வராமல் அடைத்து, பெட்டை செத்தே போகலாம்.

கொடுக்க வேண்டியவை:
1. தினை, கம்பு.
2. முருங்கைக்கீரை, கேரட், பழுத்த மிளகாய் – தினமும் கொஞ்சம்.
3. கடற்கரையில் ஒதுங்கும் கணவாய் ஓடு. உப்புப் போக ஊறவைத்துக் கழுவி, காயவைத்துக் கூண்டில் கட்டுங்கள். கொத்தித் தின்னும். அதில் இருப்பது சுண்ணாம்புச் சத்து.
4. தினமும் புதுத் தண்ணீர்.

கொடுக்கக் கூடாதவை: காப்பி, டீ, சாக்லேட், மிக்சர்.

ஒரு முக்கியமான விஷயம். நம்ம ஊர் பச்சைக்கிளியைக் கூண்டில் அடைப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அதுக்கு வேப்பம்பழமும் கொய்யாவும் மரத்திலேயே இருக்கு. மரத்தை வெட்டாமல் விட்டாலே போதும்!

– ஒன்பதாம் வகுப்பு மாணவி, கமுதி