பூக்கும் கத்தரியில் சிவப்புச் சிற்றுண்ணி

இரவற் காணியிலோ, தங்கியிருக்கும் கொட்டிலைச் சுற்றியுள்ள சிறு துண்டு நிலத்திலோ நாம் நடும் முப்பது, நாற்பது கத்தரிக் கன்றுகள் வெறும் கறிக்கானவை மட்டுமல்ல. பிள்ளைகளின் கொப்பிக்கும் வீட்டுச் சீனிக்கும் அவையே கைக்காசு. அவை பூவெடுக்கும் வேளையில் சோளகமும் வெயிலும் சேர்ந்துவிட்டால் சிவப்புச் சிற்றுண்ணி பெருகிவிடுகிறது. பலர் இதைத் தண்ணீர்க் குறைவு என்றே எண்ணிவிடுகின்றனர். இலை பழுத்துக் கொட்டிய பின்னர்தான் உண்மை தெரிகிறது.

அடையாளம் காண்பது எப்படி?

இது பூச்சியல்ல, எட்டுக் கால்களுடைய, சிலந்தி இனத்தைச் சேர்ந்த உயிர். நீளம் அரை மில்லிமீற்றர் அளவுதான். இலையின் அடிப்பக்கத்தில் இருந்து சாற்றை உறிஞ்சும். மேற்பக்கத்தில் ஊசியால் குத்தியது போல வெளிர் புள்ளிகள் தோன்றும். பின்னர் இலை வெண்கல நிறமாகி, நூல் போன்ற வலை படரும். ஐயமிருந்தால் இலையை வெள்ளைக் கடதாசியின் மேல் தட்டிப் பாருங்கள். விழுந்த புள்ளிகள் ஊர்ந்தால் அது சிற்றுண்ணியே.

ஏன் இவ்வளவு வேகம்?

கடும் வெப்பத்தில் முட்டை ஏறத்தாழ ஒரு வாரத்தில் வளர்ந்த உண்ணியாகிவிடும். ஒரு பெண் உண்ணி நூறு முட்டை வரை இடக்கூடும். மழை இவற்றைக் கழுவிவிடும். தூசியும் வறட்சியும் வளர்க்கும். ஆகவே தெருவோரத்துக் கன்றுகளையும் தகரக் கூரையின் கீழ் வளரும் கன்றுகளையும் முதலில் பாருங்கள். யூரியாவை அளவுக்கு மிஞ்சி இட்டால் இலை மென்மையாகி உண்ணிக்கு நல்ல தீனியாகும்.

பூச்சிக்கென விற்கும் மருந்தை அடித்த பின் உண்ணி கூடுவதையும் காண்கிறோம். அம்மருந்துகளிற் பல உண்ணியைக் கொல்லாமல், உண்ணியைத் தின்னும் சிறு பொறிவண்டுகளையும் வேறு நன்மை தரும் உயிர்களையும் கொன்றுவிடுவதே இதற்குக் காரணம்.

செய்ய வேண்டியவை

1. நன்றாயுள்ள கன்றுகளை முதலில் பார்த்து, நோயுற்றவற்றைக் கடைசியில் தொடுங்கள். உண்ணி உடுப்பிலும் கையிலும் ஒட்டிப் பரவும்.

2. வலை படர்ந்த அடியிலைகளைக் கிள்ளிப் பையிலிட்டு எரியுங்கள். கூட்டெருக் குழியில் போடவேண்டாம். ஒரே நாளில் எல்லா இலையையும் கிள்ளினால் காய் பிடிக்காது.

3. காலையில் இலையின் அடிப்பக்கத்தில் தண்ணீரை வேகமாக அடியுங்கள். தண்ணீர் குறைவான இடத்தில் ஈரத்துணியால் துடைத்தாலும் போதும். அடிக்குப் பத்திரக்கலவை இட்டு மண்ணின் ஈரத்தைக் காத்துக்கொள்ளுங்கள்.

4. பூஞ்சணம் பிடிக்காத, உலர்ந்த வேப்பங்கொட்டை 50 கிராமை இடித்து, 1 லீற்றர் நீரில் இரவு முழுவதும் ஊறவிட்டுத் துணியால் வடியுங்கள். சிறிதளவு கட்டிச் சவர்க்காரம் கரைத்துச் சேருங்கள். சலவைத்தூள் வேண்டாம், அது இலையைக் கருக்கும். தராசு இல்லாதவர்கள் கடையில் ஒரு முறை நிறுத்து, அந்த அளவைப் பேணி ஒன்றில் அடையாளமிட்டு வைக்கலாம்.

5. முதலில் இரண்டு கன்றில் தெளித்து, மறுநாள் இலை கருகவில்லையெனக் கண்ட பின் மற்றவற்றுக்குத் தெளியுங்கள். மாலையில், இலையின் அடியில் படும்படி தெளியுங்கள்; பூவில் படவிடாதீர்கள். தேனீக்கள் கூடு திரும்பிய நேரமே நல்லது. வெயிலில் வேம்பின் வீரியமும் கெடும். ஒவ்வொரு முறையும் புதிதாய்க் கரையுங்கள்.

6. முட்டைகள் தப்பிவிடும். ஆகவே ஐந்து முதல் ஏழு நாட்களுக்குள் மீண்டும் தெளியுங்கள்; மொத்தம் மூன்று முறை தேவைப்படலாம்.

இதற்கும் அடங்காவிட்டால் விவசாயப் போதனாசிரியரிடம் ஓர் இலையைக் கொண்டுபோய்க் காட்டி, உண்ணிக்கென உரிய மருந்தையும், தெளித்த பின் எத்தனை நாள் காய் பறிக்கக்கூடாது என்பதையும் கேட்டறியுங்கள். எங்கோ கிடந்த பழைய போத்தலை எடுத்து அடிக்கவேண்டாம். முன்பு உண்ணிக்கு அடித்த டைகோபோல், 2019 இல் ஸ்டொக்ஹோம் உடன்படிக்கையின் கீழ் ஒழிக்கவேண்டிய நஞ்சுகளின் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

பழுதுபட்ட இலை மீண்டும் பச்சையாகாது. அதைப் பார்த்து மனம் சோர்ந்து கன்றைப் பிடுங்கிவிடாதீர்கள். புதிதாய் வரும் குருத்திலை புள்ளியின்றி வந்தால் நாம் வென்றுவிட்டோம் என்று பொருள். காற்றோடு உண்ணி வேலி தாண்டும்; ஆகையால் அயல் வளவுக்காரரும் அதே கிழமையில் தெளித்தால்தான் இருவர் உழைப்பும் வீண்போகாது.