ஒளித்துவைத்த கடிதமும் நான்கு வேலைகளும்

என் மகள் படிவம் மூன்றில் படிக்கிறாள். சென்ற வாரம் பள்ளியிலிருந்து ஒரு பாரம் கொண்டுவந்தாள். படிவம் நான்கில் எந்தெந்தப் பாடங்களை எடுக்கப் போகிறாள் என்று குறித்து, பெற்றோர் கையெழுத்துடன் திருப்பிக் கொடுக்க வேண்டுமாம். "நீங்க படிச்சப்போ எப்படிம்மா முடிவு பண்ணீங்க?" என்று கேட்டாள். எனக்கு உடனே பதில் வரவில்லை. என் முதல் முடிவு ஒரு பொய்யில் தொடங்கியது.

அது 1997. ஜோர்ஜ்டவுன் குவீன் ஸ்திரீட் அருகே ஒரு பழைய கடைவீட்டில் குடியிருந்தோம். கீழே அப்பாவின் மாவு மில், மேலே நாங்கள் ஐந்து பேர். மிளகாய் அரைக்கும் நாள்களில் மாடியில் உட்கார்ந்து தும்மிக்கொண்டே பாடம் படிப்போம். வாடகை மிகவும் குறைவு. 1948-க்கு முன் கட்டிய கட்டடங்களுக்கு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்ததால்தான் அப்பாவைப் போன்றவர்களால் அந்த வட்டாரத்தில் தொழில் செய்ய முடிந்தது. நான் எஸ்.பி.எம். எழுதிய அதே ஆண்டு செப்டம்பரில் அந்தச் சட்டம் ரத்தானது. 1999 டிசம்பர் வரை அவகாசம். அதற்குப் பிறகு கட்டட உரிமையாளர் கேட்பதுதான் வாடகை.

வழக்கறிஞரின் கடிதம் ஆங்கிலத்தில் வந்தது. அப்பாவுக்கு ஆங்கிலம் தெரியாது. பள்ளிச் சீருடையோடு மில் வாசலில் நின்று நான்தான் வாசித்துச் சொன்னேன். அவர் இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கேட்டார். பிறகு மீண்டும் ஓட்டத் தொடங்கினார்.

அடுத்த ஆண்டு எஸ்.பி.எம். முடிவு வந்தது. கிரேடு 1. ஆறாம் படிவத்துக்கு இடம் கிடைத்திருப்பதாகக் கடிதமும் வந்தது. வழக்கறிஞராக வேண்டும் என்பது என் ஆசை (அந்தக் கடிதத்தை வாசித்த நாளிலிருந்து வந்த ஆசையாகக்கூட இருக்கலாம்). ஆனால் அப்போது பொருளாதார நெருக்கடி. தம்பிகள் இருவரும் சின்னப் பிள்ளைகள். நான் அந்தக் கடிதத்தைச் சரித்திரப் புத்தகத்துக்குள் செருகிவிட்டு, "இடம் கிடைக்கலப்பா" என்று சொன்னேன். இரண்டு வாரத்தில் பாயான் லெப்பாசில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் ஆபரேட்டராகச் சேர்ந்தேன்.

பினாங்கே வேலை மாறிய ஊர்தான். என் தாத்தா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். 1969-இல் ஜோர்ஜ்டவுன் தன் சுங்கவரியற்ற துறைமுகத் தகுதியை இழந்தபோது அந்தப் பிழைப்பு படுத்துவிட்டது. வேலையில்லாத் திண்டாட்டத்தைச் சமாளிக்க அன்றைய முதலமைச்சர் லிம் சோங் இயூ வெளிநாட்டுத் தொழிற்சாலைகளை அழைத்தார். 1972-இல் இன்டெல் வந்தது. வயல்களும் கம்பங்களும் இருந்த பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையானது. தாத்தாவின் வேலை போன இடத்தில் பிறந்த வேலைக்குத்தான் பேத்தி போனேன்.

அங்கே என் வேலை உருப்பெருக்கி வழியாகப் பார்ப்பது. சில்லுக்கும் அதன் கால்களுக்கும் இடையே தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியை இயந்திரம் தைக்கும். கம்பி தூக்கிக்கொண்டு நிற்கிறதா, ஒன்றையொன்று தொடுகிறதா என்று பார்க்க வேண்டும். பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். முதல் மாதம் கண்ணை மூடினாலும் கம்பிதான் தெரிந்தது. ஓவர்டைமோடு கிட்டத்தட்ட 800 வெள்ளி வரும். அதில் பெரும்பகுதி வீட்டுக்கு.

1999 டிசம்பரில் மில்லை மூடிவிட்டு ஆயர் ஈத்தாமில் ஓர் அடுக்குமாடி வீட்டுக்கு மாறினோம். சாமான் கட்டும்போது அப்பா என் புத்தகங்களை உதறினார். கடிதம் விழுந்தது. அது மலாய் மொழியில் இருந்தது. மலாயை அவர் எழுத்துக்கூட்டிப் படிப்பார். என் பெயரைப் படித்தார். 'திங்காத்தான் ஆனாம்' என்று படித்தார். மடித்து அதே புத்தகத்தில் வைத்தார். அன்றிரவு அவர் சாப்பிடவில்லை. "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்றதோடு சரி.

அந்த ஒரு வரிக்கு நான் பல ஆண்டுகள் மனத்துக்குள் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். குடும்பத்துக்காகத்தானே செய்தேன் என்பேன். பின்னாளில் ஒருநாள் தாளும் பேனாவும் எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அரசுப் பள்ளியில் ஆறாம் படிவம் படிக்கப் பெரிய செலவே இல்லை. பஸ் காசும் புத்தகக் காசும்தான். விடுமுறையில் பகுதிநேர வேலை பார்த்திருந்தால் அதுவும் சமாளித்திருக்கும். 1997-இல்தான் உயர்கல்விக்குக் கடன் கொடுக்கும் பி.டி.பி.டி.என். தொடங்கப்பட்டிருந்தது. எனக்கு அது தெரியாது. தெரிந்தவர் யாரிடமும் நான் கேட்கவில்லை. தியாகம் என்று நினைத்ததில் பாதி, விசாரிக்காமல் போட்ட தப்புக் கணக்கு.

2001-இல் உலகம் முழுவதும் சில்லுகளின் விற்பனை சரிந்தது. எங்கள் பிரிவில் ஆள்குறைப்பு நடந்தது. மூன்று ஆண்டு உழைப்புக்கு ஒரு கடித உறை. அப்பா அப்போது ஒரு கட்டடத்தில் காவல் வேலை பார்த்தார். நான் லிட்டில் இந்தியாவில் மாமாவின் துணிக்கடையில் நின்றேன். மூன்று ஆண்டுகள் சேலை விரித்து மடித்ததில் படிப்பு ஏதும் இல்லை என்றுதான் அப்போது நினைத்தேன். வாடிக்கையாளருக்குப் பிடிக்காத செய்தியை அவர் கோபப்படாமல் சொல்வது எப்படி என்று அங்கேதான் கற்றேன்.

2004-இல் மருத்துவக் கருவித் தொழிற்சாலை ஒன்றில் பரிசோதகர் வேலைக்கு ஆள் கேட்டார்கள். நேர்காணலில் உருப்பெருக்கியைக் கொடுத்து ஒரு மெல்லிய குழாயைப் பார்க்கச் சொன்னார்கள். எனக்கு முன்னால் போனவர்களுக்குத் தெரியாத கீறல் எனக்குத் தெரிந்தது. தங்கக் கம்பி பழக்கிய கண். அந்தக் குழாய் ஒருவருடைய இரத்தக் குழாய்க்குள் போகப் போகிறது என்று சொன்னபோது என் கை நடுங்கியது. இன்றும் புதியவர்களுக்கு அதைத்தான் முதலில் சொல்லித் தருகிறேன்.

இந்த முறை விசாரித்தேன். பினாங்குத் திறன் மேம்பாட்டு மையத்தில் குறுகியகாலப் பயிற்சிகள் முடித்தேன். 2007-இல் வாவாசான் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் முதல் மாணவர்களைச் சேர்த்தபோது, வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேரமாகச் சேர்ந்தேன். மகள் பிறந்த ஆண்டு ஒரு பருவம் தள்ளிப்போட்டேன். பட்டம் கையில் வந்தபோது வயது 33. இப்போது தரக் கட்டுப்பாட்டுப் பொறியாளர். ஒரு தொகுதிப் பொருளை நிராகரித்துவிட்டு, அதை உற்பத்தி செய்தவரிடம் போய்ச் சொல்லும்போது மாமாவின் கடைதான் நினைவுக்கு வரும்.

எங்கள் மில் இருந்த கடைவீட்டில் இப்போது காப்பிக் கடை நடக்கிறது. 2008-இல் ஜோர்ஜ்டவுன் யுனெஸ்கோ பாரம்பரிய நகரமான பிறகு அந்த வரிசையே மாறிவிட்டது. ஒரு முறை உள்ளே போய் உட்கார்ந்தேன். இயந்திரம் இருந்த இடத்தில் சுவரில் ஓர் ஆணி மட்டும் மிச்சம். காப்பி விலையை அப்பாவிடம் சொல்லவில்லை.

மகளிடம் இதையெல்லாம் சொல்லி முடிக்க இரவு வெகுநேரமாயிற்று. கடிதத்தை ஒளித்த இடம் வந்தபோது, "தாத்தாவுக்கு இன்னும் கோபமா?" என்று கேட்டாள். நீயே கேள் என்றேன்.

பாரத்தை எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை ஆயர் ஈத்தாம் போகிறோம். அப்பாவுக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை. அவள்தான் வாசித்துக் காட்ட வேண்டும்.