மலர் காணச் செல்லும் மலைச்செலவு

நம் நாட்டில் மலையேறுவோர் பலவகையினர். தெய்வத்தை வழிபட ஏறுவோர் உண்டு. அருவியில் நீராட ஏறுவோர் உண்டு. தேனும் கிழங்கும் தேடி ஏறுவோரும் உண்டு. இவர்களோடு, காட்டில் தானே மலர்ந்திருக்கும் பூக்களைக் காண்பதற்கென்றே ஆண்டுதோறும் ஒரே பருவத்தில் கூடிச் செல்லும் நண்பர் குழுவினரையும் சேர்த்தெண்ண வேண்டும்.

இஃது மேனாட்டாரிடமிருந்து வந்த வழக்கம் என்று சிலர் எண்ணுவர். அவ்வெண்ணம் பொருந்தாது. கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டு 261 அடிகளையுடையது. அதில் தலைவியும் தோழியும் தினைப்புனம் காத்து, அருவியில் ஆடி, மலைப்பூக்களைப் பறித்துப் பாறைமேல் குவிக்கின்றனர். அவ்விடத்தில் 99 மலர்களின் பெயர்கள் அடுக்கிக் கூறப்படுகின்றன. மலர்களைப் பெயர் சொல்லி அறிந்த ஒரு சமுதாயத்தின் பதிவு அது. இன்று நம்மில் எத்தனை பேர் பத்து மலைப்பூக்களையேனும் பெயர் சொல்லி அடையாளம் காட்ட வல்லவர்?

குலசேகரன்பட்டினத்தில் வாழும் ஒரு மாணவரை நினைத்துக்கொள்வோம். அவர் கண்முன் இருப்பது நெய்தல் நிலம். கடற்கரை மணலில் அடும்பு படர்ந்திருக்கிறது. அப்பால் செம்மண் தேரியும் பனையும் உள்ளன. அவ்வூரிலிருந்து மேற்கே நேர்க்கோட்டில் ஏறக்குறைய 90 கிலோமீட்டர் சென்றால், 1,868 மீட்டர் உயரமுடைய பொதிகையின் அகத்தியர் முடி நிற்கிறது. நெய்தலும் மருதமும் குறிஞ்சியும் ஒரு பகற்பொழுதின் பயணத்துள் அடங்கும் நாடு நம் திருநெல்வேலி நாடு. அவற்றை இணைப்பது தாமிரவருணி. பொதிகையின் சோலைகள் மழைநீரை உறிஞ்சி வைத்துச் சிறிது சிறிதாக விடுவதனாலேயே அவ்வாறு வற்றாமல் ஓடுகின்றது. ஆதலால் மலைமலரைக் காணச் செல்லும் கடற்கரை மாணவர், தம் நாட்டு நீரின் பிறப்பிடத்தையே காணச் செல்கின்றார்.

இனி, ஆண்டுதோறும் செல்வதால் வரும் தனிப்பயன் யாது? ஒருமுறை சென்றவர் மலரைக் காண்பர். ஆண்டுதோறும் சென்றவர் மலரின் காலக்கணக்கையும் காண்பர். இதற்குத் தக்க சான்று நீலக்குறிஞ்சி.

நீலக்குறிஞ்சி மேற்குத் தொடர்ச்சி மலையில் 1,300 மீட்டருக்கு மேற்பட்ட புல்வெளிகளில் வளரும் ஒரு சிறு புதர்ச்செடி. பழனி மலை, நீலகிரி, ஆனைமலை, மூணாற்று மலைகள் ஆகியவை அதன் உறைவிடங்கள். பதினோர் ஆண்டுகள் அது பூவின்றி இலையோடு நிற்கும். பன்னிரண்டாம் ஆண்டில் ஒரு மலைச்சரிவின் செடிகள் யாவும் ஒருங்கே பூத்து, மலையையே நீலமாக்கும். பூத்தபின் விதை முதிரும், தாய்ச்செடி மடியும், அவ்விதைகளிலிருந்து அடுத்த தலைமுறை எழும். 1838 முதல் இதன் பூக்கும் ஆண்டுகள் குறித்து வைக்கப்பட்டுள்ளன. 1994, 2006, 2018 ஆகியவை அண்மைக் காலத்தில் பூத்த ஆண்டுகள். அடுத்து 2030-இல் பூக்கும் என எதிர்பார்க்கப்படுகிறது. ஆண்டுதோறும் மலையைப் பார்த்துக் குறித்தவர்கள் இருந்தமையாலன்றோ இக்கணக்கு நமக்குக் கிடைத்தது? மலைவாழ் மக்களுள் சிலர் தம் வயதையே குறிஞ்சி பூத்த முறைகளைக் கொண்டு கணக்கிட்டனர் என்பர்.

எல்லாச் செடிகளும் ஏன் ஒருங்கே பூக்க வேண்டும்? விதையைத் தின்னும் உயிர்கள் காட்டில் பல. ஆண்டுதோறும் சிறிதளவு விதை விழுந்தால் அவை அனைத்தையும் தின்றுவிடும். பதினோர் ஆண்டுகள் ஒன்றுமில்லாமல் இருந்து, ஒரே ஆண்டில் மலைமலையாய் விதை விழுந்தால், அவை தின்று தெவிட்டியபின்னும் முளைப்பதற்கு விதை எஞ்சும். அறிவியலார் பலர் கூறும் விளக்கம் இதுவே. மூங்கில் நீண்ட இடைவெளியிட்டு ஒருங்கே பூப்பதற்கும், அமெரிக்காவின் சில சில்வண்டினங்கள் 13 அல்லது 17 ஆண்டுகளுக்கு ஒருமுறை மண்ணிலிருந்து கூட்டமாய் வெளிவருவதற்கும் இதே காரணம் சொல்லப்படுகிறது. அன்றியும், ஒருங்கே மலர்தலால் தேனீக்கள் திரண்டு வந்து மகரந்தச் சேர்க்கை செவ்வனே நடைபெறுகிறது.

இவ்விளக்கத்திலேயே ஓர் எச்சரிக்கையும் அடங்கியிருக்கிறது. ஆண்டுதோறும் பூக்கும் செடியின் கிளையை ஒடித்தால், மறு ஆண்டு அது ஈடுசெய்துகொள்ளும். குறிஞ்சிக்கு மறு ஆண்டு என்பதில்லை. அதன் வாழ்நாளில் விதையிடும் வாய்ப்பு ஒன்றே. கபிலர் காட்டும் மகளிர் பறித்துக் குவித்தனர். அவர்கள் இருவர், மலையோ பெரிது. இன்று ஒரு மலருக்கு ஆயிரக்கணக்கானோர் செல்கின்றனர்; மலையோ சுருங்கிவிட்டது. தேயிலைத் தோட்டங்களும், தைலமரம், வாட்டில், பைன் முதலிய அயல்நாட்டு மரங்களும், கட்டடங்களும் புல்வெளியின் பெரும்பகுதியைக் கவர்ந்துகொண்டன. உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2024-இல் நீலக்குறிஞ்சியை அழிவுக்கு ஆளாகக்கூடிய இனமாக வகைப்படுத்தியது.

நண்பர் குழுவொன்று என்ன செய்ய இயலும் என்று நீங்கள் வினவலாம். 1989-இல் திருவனந்தபுரத்து இயற்கை ஆர்வலர் சிலர், குறிஞ்சியைக் காக்க வேண்டுமென்று மக்களுக்கு உணர்த்தும் பொருட்டுக் கொடைக்கானலிலிருந்து மூணாறு வரை மலைவழியே நடந்தனர். அதிலிருந்து ஓர் இயக்கம் வளர்ந்தது. 2006-இல், குறிஞ்சி பூத்த அதே ஆண்டில், கேரள அரசு வட்டவடை, கோட்டகொம்பூர்ப் பகுதியில் குறிஞ்சிமலைச் சரணாலயத்தை அறிவித்தது. இந்திய அஞ்சல் துறையும் அவ்வாண்டு குறிஞ்சிக்கு ஓர் அஞ்சல்தலை வெளியிட்டது. நடந்தவர் சிலரே; விளைந்த பயனோ பெரிது.

மலரை விரும்புவோரே மலருக்குக் கேடாதலும் உண்டு. அகத்தியமலையில் செருப்பு வடிவ இதழுடைய மஞ்சள்நிற ஆர்க்கிடு ஒன்று உண்டு. 1865-இல் கண்டறியப்பட்ட அது, பின்னர் நெடுங்காலம் எவர் கண்ணிலும் படாமல், 1972-இல் மீண்டும் கண்டுபிடிக்கப்பட்டது. செய்தி பரவியதும் சேகரிப்போர் வந்து வேரோடு பிடுங்கிச் சென்றனர். ஆர்க்கிடின் விதை தூளினும் நுண்ணியது. தனக்குரிய பூஞ்சையின் துணையின்றி முளைக்காதது. ஆதலால் இழந்த செடிக்கு ஈடாக மற்றொன்று எளிதில் எழுவதில்லை. இன்று அது மிகவும் அருகிவிட்ட இனங்களுள் ஒன்று.

மலர் மட்டுமன்று, மலர் காணச் செல்வோரின் உயிரும் கருதத்தக்கது. 2018-ஆம் ஆண்டு மார்ச்சு 11-ஆம் நாள், தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் காட்டுத்தீயிற் சிக்கி, நடைப்பயணம் சென்ற இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களுட் பலர் இளைஞர். மாசி, பங்குனியில் மலைப்புல் காய்ந்து சருகாயிருக்கும். தீ மேல்நோக்கிச் செல்லும்போது, அதன் வெம்மை மேலுள்ள புல்லை முன்னரே உலர்த்திவிடுவதால் மனிதன் ஓடுவதினும் விரைந்து பரவும். ஆகவே சரிவில் மேல்நோக்கி ஓடுபவர் தப்புதல் அரிது. அதே ஆண்டு ஆவணியில் மூணாற்று மலைகளில் குறிஞ்சி பூத்தது. பருவம் அறிந்து செல்லுதல் எத்துணை இன்றியமையாதது என்பதற்கு இதனினும் துயரமான சான்று வேண்டுவதில்லை. அந்நிகழ்ச்சிக்குப் பின் மலை நடைக்குத் தமிழ்நாட்டில் விதிகள் வகுக்கப்பட்டன. 2024-இல் வனத்துறை 40 நடைபாதைகளை ஒழுங்குபடுத்தி, முன்பதிவும் வழிகாட்டியும் உடைய திட்டமொன்றைத் தொடங்கியது.

ஆதலின், ஆண்டுதோறும் மலைச்செலவு மேற்கொள்ள விரும்பும் மாணவர் குழுவினர் சிலவற்றைக் கைக்கொள்வாராக. வனத்துறையின் இசைவின்றியும் வழிகாட்டி இன்றியும் காடு புகலாகாது. தீ மூட்டலாகாது. பூவைப் பறிக்காமல், படம் வரைந்தோ நிழற்படம் எடுத்தோ கொணர்தல் வேண்டும். கொண்டுசென்ற பொருளில் ஒரு தாளும் அங்கே தங்கலாகாது. இவற்றுக்கெல்லாம் மேலாக, குழுவுக்கென ஒரு குறிப்பேடு வைத்தல் வேண்டும். சென்ற நாள், இடம், உயரம், மழை பெய்ததா என்பது, பூத்திருந்த செடி, அரும்பியிருந்த செடி, அதில் வந்தமர்ந்த தேனீ, வண்ணத்துப்பூச்சி, அவ்வூர் மக்கள் அச்செடிக்கு வழங்கும் பெயர் ஆகியவற்றை எழுதுக. ஓராண்டுக் குறிப்பு ஒரு நினைவு மட்டுமே. பத்தாண்டுக் குறிப்போ அறிவியலுக்கு உதவும் ஆவணம். மழை பிந்தும்போது மலரும் பிந்துகின்றதா, புல்வெளி சுருங்குகின்றதா என்னும் வினாக்களுக்கு விடை அத்தகைய ஏடுகளிலிருந்தே பிறக்கும்.

எழுபத்திரண்டு ஆண்டுகள் வாழ்பவர் ஒருவர் குறிஞ்சி பூப்பதை ஆறு முறையே காண இயலும். அவற்றுள் ஒன்றோ இரண்டோ உங்களுக்கு முன்னரே கழிந்திருக்கும். 2030-க்கு இன்னும் காலம் இருக்கிறது. அதுவரை பூவில்லாத குறிஞ்சிச் செடியைச் சென்று பார்த்து, அதன் உயரத்தையும் அது நிற்கும் புல்வெளியின் பரப்பையும் எழுதிவரும் நண்பர்கள் நால்வர் ஒவ்வொரு கல்லூரியிலும் தோன்றுவாராயின், அந்த ஆண்டு மலை பூக்கும்போது அதனைப் பார்க்கும் தகுதி உடையவர் அவரே ஆவர்.