சுவர் ஒன்றுதான் - 9: பால்கனியில் ஒரு லாப்ரடார்

சத்தமென்றால் 'டிவியைக் கொஞ்சம் குறைங்க சார்' என்று சொல்லிவிடலாம். 'உங்க வீடு நாறுது' என்பதை எந்தக் குரலில் சொல்வது?

சென்னையில் நாங்கள் முன்பு இருந்த ஃபிளாட்டில் மேல்வீட்டு பால்கனியில் ஒரு லாப்ரடாரைக் கட்டிப்போட்டிருந்தார்கள். சாப்பாடு, தூக்கம், ஒன்றுக்கு, இரண்டுக்கு எல்லாம் அங்கேயே. காலையில் ஒரு பக்கெட் தண்ணீர் ஊற்றுவார்கள். அது எங்கள் கொடித்துணிமேல் சொட்டும். வெயில் ஏறினால் மூத்திரம் அம்மோனியாவாகிக் கண் எரியும்.

"எங்களுக்கு ஒண்ணும் தெரியலையே சார்" என்றார் அந்த வீட்டம்மா. பொய்யில்லை. ஒரே வாடையில் கொஞ்ச நேரம் இருந்தாலே மூக்கு அதைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். "வேணும்னா பிளீச்சிங் பவுடர் போட்டுடறேன்" என்றாரே, அங்கேதான் எனக்குப் பகீரென்றது. தேங்கிய மூத்திரத்தின்மேல் அதைக் கொட்டினால் குளோராமின் வாயு கிளம்பும், நெஞ்சை அடைக்கும். நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிய பிறகுதான் மற்றதெல்லாம்.

பிறகு உண்ணி வந்தது. நாயுண்ணி சுவரேறும், இடுக்கு கிடைத்தால் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். எங்கள் ஜன்னல் சட்டத்தில் அது ஊர்ந்ததைப் பார்த்த அன்றுதான் அசோசியேஷன் கூட்டம் கூடியது. நாயே கூடாது என்று தீர்மானம் போடத் துடித்தார் செயலாளர். அப்படிப் போட முடியாது. விலங்கு நல வாரியத்தின் 2015 வழிகாட்டுதல் சொல்கிறது. 'பிஸ்கட்ல ஏதாவது வெச்சிடலாம்' என்று ஒருவர் சிரித்தார். பாரதிய நியாய சன்ஹிதா 325-வது பிரிவில் அதற்கு ஐந்தாண்டு வரை சிறை.

நாய்க்கும் சட்டம் இருக்கிறது. 1960-ம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம், 11-வது பிரிவு: எப்போதும் கட்டியே வைத்திருக்கும் நாயை நடக்க விடாமலிருப்பதும் வதைதான். முதல் தடவைக்கு அதில் எழுதிய அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய்! பொதுத்தொல்லை என்று கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம்தான். ஆனால் பாதிப்பு ஒரு வீட்டோடு நின்றால் சிவில் கோர்ட்டுக்குப் போகச் சொல்வார்கள். அதற்குள் நாயின் ஆயுசு முடிந்துவிடும்.

என்னைக் கேட்டால், புகாரை நாயின் பேரில் சொல்லக் கூடாது; நாயின் சார்பில் சொல்ல வேண்டும். என் மனைவி அப்படித்தான் பேசினாள். "அக்கா, அது முழங்கையில புண்ணு பாத்தீங்களா? ஈரத்துலயே படுத்துக் கெடக்கு."

அந்தம்மா உட்கார்ந்துவிட்டார். நாய் மகனுடையது, அவன் வேலைக்காக வெளிநாடு போய்விட்டான். இவருக்கு முட்டிவலி, வீட்டுக்காரருக்கு பைபாஸ். முப்பது கிலோ நாயை யார் இழுத்துக்கொண்டு நடப்பது?

வாட்ச்மேனின் தம்பி மாதச் சம்பளத்துக்குக் காலையும் மாலையும் கூட்டிப்போக ஒப்புக்கொண்டான். டாக்டர் வந்து உண்ணிக்கு மருந்து கொடுத்தார். நாற்றம் முக்கால்வாசி போயிற்று. மீதிக்கு நாங்கள் கொடியை உள்ளே மாற்றிக் கட்டிக்கொண்டோம். செயலாளருக்கு மட்டும் தீர்மானம் போட முடியாத வருத்தம்.

(அடுத்த வாரம்: மொட்டைமாடியில் புறாக் கூண்டு)