உண்ணத்தக்க உயிர்வேலி

வீட்டுத் தோட்டம் போட விரும்புவோர் விதையையும் தண்ணீரையும் பற்றியே முதலில் யோசிக்கின்றனர். வேலியைப் பற்றிய நினைவு, பாத்தியில் ஆடு புகுந்த பிறகே வருகிறது. அரியலூர் ஜில்லா, செந்துறை தாலூகாவைச் சேர்ந்த ஆலத்தியூர் போன்ற ஊர்களில் வெள்ளாடு வளர்ப்பு ஏழைக் குடும்பங்களுக்குப் பேருதவி. ஆயின், ஒரு மாதம் குடத்தில் நீர் சுமந்து வளர்த்த கீரையை இரண்டு ஆடுகள் கால் மணி நேரத்தில் மொட்டையாக்கி விடும். ஒரு முறை இவ்வாறு ஏமாந்த குடும்பம் மறுபடியும் விதை தூவ மனங்கொள்வதில்லை. தமிழ்நாட்டுப் பெண்களுள் பாதிக்கு மேற்பட்டோர் இரத்தசோகை உடையவர்கள் என்பது 2019-21-ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் கண்டது. எனவே வீட்டுப் புறக்கடையில் கீரை விளைவதும் விளையாததும் சிறு விஷயமன்று.

கம்பி வேலிக்குப் பணம் வேண்டும். வெட்டி அடுக்கிய முள்வேலியைக் கறையான் தின்னும். பிரதி வருஷமும் புதுப்பிக்க வேண்டும். சீமைக் கருவேல் செலவின்றி வளருமாயினும், அதன் நெற்றுகளை ஆடுமாடுகள் தின்று, சாணத்தின் வழியே விதையை எங்கும் பரப்பிவிடும். 1870-களில் இந்தியாவிற்குக் கொண்டுவரப்பட்ட அம்மரம் இன்று ஏரிகளையும் தரிசுகளையும் அடைத்து நிற்பதை யாவரும் அறிவர். ஆகவே காவலும் உணவும் ஒருங்கே அளிக்கும் செடிகளால் உயிர்வேலி அமைப்பதே சிறந்த வழி. இதில் ஒன்றை மறத்தலாகாது: வேலியின் முதற்கடமை காவல், உணவு அதற்கு அடுத்ததே. முதல் இரண்டு ஆண்டுகள் பழத்தை விரும்பாமல் வெட்டி வளர்ப்பவருக்கே பின்னர் இரண்டும் கிட்டும்.

மண்ணின் தன்மை

இவ்வட்டாரத்தில் நிலத்தடியில் சுண்ணாம்புக்கல் பரவிக் கிடக்கிறது. பல கோடி ஆண்டுகளுக்கு முன் இப்பகுதி கடலாக இருந்ததன் அடையாளம் அது. சிமெண்டு ஆலைகள் இங்கு அமைந்ததற்கும் அதுவே காரணம். சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் வேர்கள் அதனை எளிதில் உறிஞ்ச இயலாது. கறிவேப்பிலை முதலிய செடிகளில் இளந்தளிர் மஞ்சளித்து, நரம்புகள் மட்டும் பச்சையாக நிற்குமாயின், குறை இதுவென்று அறியலாம். மக்கிய தொழுவுரத்தை மிகுதியாக இடுவதே நிலையான பரிகாரம். உடனடி உதவிக்கு, ஒரு லிட்டர் நீரில் 5 கிராம் அன்னபேதி உப்பைக் கரைத்து மாலை வேளையில் இலைகளின்மேல் தெளிக்கலாம். தெளித்த இலைகளை நன்கு அலம்பாமல் சமைத்தல் கூடாது.

வெளிவரிசை

முள்ளுடைய செடிகளே வெளிவரிசைக்கு ஏற்றவை. அவற்றுள் கொடுக்காப்புளியும் களாவும் மேலானவை. கொடுக்காப்புளி மெக்சிகோ, மத்திய அமெரிக்கா ஆகிய நாடுகளுக்கு உரியது, வறட்சியைத் தாங்கும், வெட்ட வெட்டத் துளிர்க்கும். களா நம் நாட்டுச் செடி. அதன் காய் ஊறுகாய்க்குப் பேர்போனது.

மேற்கிலும் வடக்கிலும் கொடுக்காப்புளியை நட்டால் ஆடிக் காற்று தடைபடும். மாரிக்காலத்துத் தென்திசை வெயிலும் பாத்திகளுக்குக் குறையாது. கிழக்கிலும் தெற்கிலும் தணிவாக நிற்கும் களாவை நடலாம். 50 அடி நீளமும் 40 அடி அகலமும் உள்ள மனையில், முன்னிரு பக்கங்களும் சேர்ந்து 90 அடி ஆகும். இரண்டு வரிசையாக, செடிக்குச் செடி ஓர் அடி விட்டு நட 180 கொடுக்காப்புளிக் கன்றுகள் வேண்டும். எஞ்சிய 90 அடியில் வாயிலுக்கு 6 அடி விட்டு, 84 அடிக்கு இரண்டு வரிசையாக இரண்டடி இடைவெளியில் நட 84 களாக் கன்றுகள் போதும். ஒரு வரிசைச் செடி மற்ற வரிசையின் இடைவெளிக்கு நேராக அமைதல் வேண்டும். எல்லைக் கோட்டிலிருந்து மூன்றடி உள்ளே தள்ளி நட்டால், இருபுறமும் நின்று வெட்ட இடமிருக்கும். அண்டை வீட்டாரோடு வழக்கும் எழாது.

ஒன்றரை அடி ஆழக் கால்வாயை ஆனி மாதத்திலேயே வெட்டி, மேல்மண்ணும் தொழுவுரமும் கலந்து நிரப்புக. கொடுக்காப்புளி விதையைச் சித்திரை, வைகாசியில் பழுத்த காய்களிலிருந்து எடுத்துப் பைகளில் ஊன்றினால் சில நாட்களில் முளைக்கும். களா விதை விரைவில் முளைப்புத் திறனை இழப்பதால், பழத்திலிருந்து எடுத்தவுடனே விதைத்து, மறுவருஷமே நடவேண்டும். நடவுக்கு ஏற்ற காலம் புரட்டாசிக் கடைசியும் ஐப்பசி முதலும் ஆகும். வடகிழக்குப் பருவமழையில் வேர் பிடித்துக்கொள்ளும். கொடுக்காப்புளித் தழையையும் ஆடு விரும்பித் தின்னுமாதலின், முதல் இரண்டு வருஷங்களுக்கு வெளிப்புறம் வெட்டிய முள்ளை அடுக்கிக் காத்தல் அவசியம்.

வெட்டும் முறை

கன்று ஒன்றரை அடி வளர்ந்ததும் முக்கால் அடி உயரத்தில் வெட்டுக. மனம் வராது, ஆயினும் வெட்டியே ஆகவேண்டும். அப்போதுதான் அடியிலிருந்து பக்கக் கிளைகள் வெடிக்கும். பின்னர் ஒவ்வோர் அடி வளர்ச்சியிலும் பாதியை விட்டுப் பாதியை வெட்டுக. வேலியின் அடி அகன்றும் உச்சி குறுகியும் இருந்தால் கீழ்க்கிளைகளுக்கும் வெயில் படும். உயர விட்டு அடி வெறுமையாகிவிட்டால், உச்சியை எவ்வளவு கத்தரித்தாலும் அடைபடாது; ஆடு அவ்வழியே நுழையும்.

ஓயாமல் வெட்டும் வேலியில் காய் குறையும். ஆதலால் வேலி அடர்ந்தபின், 15 அடிக்கு ஒரு கொடுக்காப்புளியை மட்டும் மரமாக ஓங்க விடுக. பிள்ளைகளுக்குப் பழம் அதிலிருந்து கிடைக்கும். களாவைக் காய் பறித்த பின்னர், மழைக்கு முன், ஆண்டிற்கு ஒரு முறை கத்தரித்தால் போதும்.

உள்வரிசை

முள்வரிசைக்கு மூன்றடி உள்ளே, ஆட்டின் வாய்க்கு எட்டாத இடத்தில், கீரை தரும் செடிகளை நடலாம். முருங்கையை மூன்றடி உயரத்தில் வெட்டி வந்தால் கீரை கைக்கெட்டும் உயரத்திலேயே தழைக்கும். அடைக்கும் தோசைக்கும் உதவும் கல்யாண முருங்கையைக் கிளைத்துண்டாகவே நடலாம். அகத்தி பலமுறை வெட்டுவதைத் தாங்காது. சில வருஷங்களுக்கு ஒரு முறை புதிதாக விதைக்க வேண்டும். கோவை, தூதுவளை, அவரை ஆகிய கொடிகளை வேலியில் ஏற்றலாம். ஆனால் அவை வேலி முழுவதையும் மூடி வெயிலை மறைக்க விடலாகாது.

தவசிக்கீரையும் உள்வரிசைக்கு உகந்தது. எனினும் அதனை அளவோடு, வேகவைத்தே உண்ண வேண்டும். 1990-களின் நடுவில் தைவான் நாட்டில் உடல் இளைக்கும்பொருட்டு அதன் பச்சைச் சாற்றை மிகுதியாகக் குடித்த பலர் தீராத நுரையீரல் நோய்க்கு ஆளாயினர். அரளி, காட்டாமணக்கு ஆகிய நச்சுச் செடிகளை இவ்வேலியில் ஒருபோதும் கலத்தலாகாது. பறித்துத் தின்னப் பழகிய குழந்தை வேறுபாடு அறியாது.

செடிகள் ஒன்றிரண்டு பட்டுப்போனால் அடுத்த ஐப்பசியிலேயே அவ்விடத்தை நிரப்புக. அதற்கென பத்துக் கன்றுகளைப் பைகளில் தனியே வைத்திருத்தல் நன்று. ஒரு சந்து திறந்திருப்பினும், மற்றைய 173 அடி வேலியும் இல்லாததற்குச் சமானமே.