பழைய காரில் பெட்ரோல் கசிந்தால் வீட்டில் என்ன செய்யலாம்?

கார் கதவைத் திறந்ததும் பெட்ரோல் வாடை அடிக்கிறதா? "பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிடாதீர்கள். முப்பது வருடக் காரானாலும் பெட்ரோல் வாடை வரக் கூடாது. வந்தால் எங்கோ கசிகிறது என்றுதான் பொருள்.

இங்கே சொல்லும் வேலை எந்தக் கார்களுக்குப் பொருந்தும்? கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் பாகம்) வைத்த பழைய மாருதி 800, பத்மினி, அம்பாசடர் போன்றவற்றுக்கு. டேஷ்போர்டில் கையால் இழுக்கும் சோக் இருந்தால் உங்களுடையது அந்த வகைதான். கார்புரேட்டர் இல்லாத இன்ஜெக்‌ஷன் வண்டியென்றால் கை வைக்காதீர்கள். அதில் குழாய்க்குள் அழுத்தம் ஏறக்குறைய பத்து மடங்கு அதிகம். எஞ்சினை அணைத்த பிறகும் அது உடனே இறங்காது, ஓஸைக் கழற்றினால் முகத்தில் பீய்ச்சியடிக்கும்.

கொஞ்சம் சொட்டினால் என்ன ஆகிவிடும்? பயப்பட வேண்டியது சொட்டுக்கு என்பதைவிட, அதிலிருந்து எழும் ஆவிக்குத்தான். பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரிக் குளிரிலும் பெட்ரோல் தீப்பற்றும் அளவுக்கு ஆவியாகும். நம் வெயிலில் கேட்கவே வேண்டாம். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழ்ந்து தூரம் போகும். போர்ட்டிகோவில் இருக்கும் தண்ணீர் மோட்டார் சுவிட்சின் ஒரு பொறி போதும். அதனால் மூடிய ஷெட்டில் இந்த வேலை வேண்டாம். வண்டியைத் தள்ளி வெட்டவெளிக்குக் கொண்டுவாருங்கள்.

தொடங்கும் முன் என்ன தயார் செய்ய வேண்டும்? எஞ்சின் முழுதாக ஆறியிருக்க வேண்டும். பேட்டரியின் மைனஸ் ஒயரைக் கழற்றிவிடுங்கள். பவுடர் வகைத் தீயணைப்பான் கை எட்டும் தூரத்தில் இருக்கட்டும். பெட்ரோல் தீயில் தண்ணீர் ஊற்றினால், எரியும் பெட்ரோல் அதன்மேல் மிதந்து பரவும். வெளிச்சத்துக்கு எல்இடி டார்ச் போதும், ஒயர் போட்டுத் தொங்கவிடும் குண்டு பல்பு வேண்டாம்.

கசியும் இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? சூடான எஞ்சினில் பெட்ரோல் உடனே காய்ந்துவிடும், ஈரம் தெரியாது. ஆனால் கசிந்த இடத்தில் தூசி ஒட்டிப் பழுப்பாகக் கறை படிந்திருக்கும். டாங்கிலிருந்து வரும் குழாயில் தொடங்கி ஃபில்டர், பம்ப், கார்புரேட்டர் என்று வரிசையாகப் பாருங்கள். ரப்பர் ஓஸின் அடிப்பக்கத்தை விரலால் தடவுங்கள். கிளிப்புக்குப் பக்கத்தில் மெதுவாக வளைத்தால், வறண்ட குளத்து மண்ணைப் போல வெடிப்புகள் வாய் திறக்கும். பெரும்பாலும் குற்றவாளி அங்கேதான் இருக்கும்.

இத்தனை வருடம் நன்றாக இருந்த ஓஸ் இப்போது ஏன் வெடிக்கிறது? எஞ்சின் சூட்டில் ரப்பர் இறுகுவது ஒரு காரணம். இன்னொன்று, 2023 முதல் பெட்ரோல் பங்க்குகளுக்கு வரத் தொடங்கிய 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் அதற்காகச் செய்யப்பட்டதல்ல, ஊறி உப்பும், பிறகு வெடிக்கும். அதனால் ஒரு ஓஸ் போய்விட்டால் எல்லா ஓஸையும் சேர்த்து மாற்றுங்கள் என்பேன். ஒன்று போன பிறகு மற்றவை அதிக நாள் தாங்காது.

எப்படி மாற்றுவது? முதலில் டாங்க் மூடியைத் திறந்து உள்ளே இருக்கும் அழுத்தத்தை விடுங்கள். கீழே ஒரு தகரப் பாத்திரம் வையுங்கள். கிளிப்பைத் தளர்த்திய பிறகு ஓஸைப் பிடித்து இழுக்காதீர்கள். பல வருடமாக ஒட்டிக்கொண்டிருக்கும், இழுத்தால் கார்புரேட்டரின் மெல்லிய குழாயே முறிந்துவிடும். பிளேடால் ஓஸை நீளவாக்கில் கீறி உரித்தெடுங்கள், பிளேடு உலோகத்தில் கோடு போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். டாங்க் பக்க ஓஸில் பெட்ரோல் வந்துகொண்டே இருந்தால் ஓஸின் வாயில் பொருந்தும் ஒரு போல்ட்டைச் செருகி அடைக்கலாம். வாய் வைத்து உறிஞ்சும் பழக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம். ஒரு மடக்கு நுரையீரலுக்குள் போனாலும் உயிருக்கு ஆபத்து.

பழைய துண்டைக் கடைக்குக் கொண்டுபோய் அதே உள்விட்டத்தில் பெட்ரோல் ஓஸ் கேளுங்கள், எத்தனால் பெட்ரோலுக்குத் தாங்குமா என்றும் கேளுங்கள். கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் டியூப் விலை குறைவு, ஆனால் எஞ்சின் சூட்டில் சீக்கிரமே விறைத்துக் கழன்றுவிடும். புது ஓஸைக் குழாயின் தடித்த விளிம்பைத் தாண்டும்வரை ஏற்றி, அந்த விளிம்புக்கு அப்பால் கிளிப்பைப் போடுங்கள். முரட்டுத்தனமாக முறுக்கினால் கிளிப்பே ரப்பரை வெட்டிவிடும். ஃபில்டரையும் மாற்றுங்கள், அதன் மேலிருக்கும் அம்புக்குறி எஞ்சினைப் பார்க்க வேண்டும்.

ஓஸ் நன்றாக இருந்து, பம்பின் அடியிலுள்ள சின்னத் துளையில் சொட்டினால்? உள்ளே டயாபிரம் (அசைந்து பெட்ரோலை இழுக்கும் மெல்லிய ரப்பர் தகடு) கிழிந்திருக்கிறது. பெட்ரோல் எஞ்சின் ஆயிலிலும் கலந்திருக்கலாம், ஆயில் அளக்கும் குச்சியை எடுத்து முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தாலோ ஆயில் மட்டம் ஏறியிருந்தாலோ எஞ்சினை ஓட்டாதீர்கள். நீர்த்துப்போன ஆயிலில் ஓடினால் எஞ்சினே தேய்ந்துவிடும். பம்ப், அதன் கேஸ்கட், எஞ்சின் ஆயில் மூன்றையும் மாற்ற வேண்டும்.

கார்புரேட்டர் வழிந்தால், உள்ளே பெட்ரோலை நிறுத்தும் ஊசி வால்வில் தூசி சிக்கியிருக்கலாம். ஸ்க்ரூடிரைவர் பிடியால் பக்கவாட்டில் லேசாகத் தட்டிப் பாருங்கள். மறுபடி வழிந்தால் மெக்கானிக்கிடம் கொடுங்கள். வண்டிக்கடியில் ஓடும் இரும்புக் குழாய் துருப்பிடித்திருந்தாலும் அப்படியே.

சோப்பு தடவினால் நிற்குமே? வழியில் மாட்டிக்கொண்டவர்கள் டாங்க் ஓட்டையில் சோப்பை அப்பி ஒப்பேற்றுவது உண்டு. சோப்பு பெட்ரோலில் கரையாது என்பதால் கொஞ்ச நேரம் நிற்கும், அவ்வளவே. அசையும் ஓஸில் அது ஒட்டாது, எம்-சீல் பசையும் நிலைக்காது.

வேலை முடிந்ததும் பானட்டைத் திறந்தே வைத்து, வாடை முழுதும் போன பிறகு பேட்டரி ஒயரை மாட்டுங்கள். கார்புரேட்டர் காலியாக இருப்பதால் ஸ்டார்ட் ஆகச் சற்று நேரம் பிடிக்கும். ஆனதும் ஒவ்வொரு இணைப்பையும் டார்ச் அடித்துப் பாருங்கள், ஒரு ரவுண்டு போய்வந்து மறுபடியும் பாருங்கள். பெட்ரோல் நனைந்த துணியைக் குவித்து வைக்காமல் வெளியே விரித்துக் காயவிடுங்கள். பாத்திரத்தில் சேர்ந்ததைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். புது ரப்பர் சில நாளில் சற்று அமுங்கும், ஒரு வாரம் கழித்து எஞ்சின் ஆறியிருக்கும்போது கிளிப்புகளை இன்னொரு முறை சரிபாருங்கள்.