நூலடைவும் அதன் குறிப்புரையும்

ஆராய்ச்சி செய்யப் புகுவார் தாம் எடுத்துக்கொண்ட பொருளைப்பற்றி முன்னுள்ளோர் யாது கூறிப்போந்தனர் என்று முதற்கண் அறிதல் வேண்டும். அவ்வாறு அறிதற்பொருட்டுத் தாம் பயின்ற நூல்களையும் கட்டுரைகளையும் நிரல்பட எழுதிவைப்பது நூலடைவு எனப்படும். ஒவ்வொரு நூற்பெயரின் கீழும், அந்நூல் எதனைக் கூறுகின்றது, எத்துணை நம்பத்தக்கது, தம் ஆராய்ச்சிக்கு எவ்வாறு உதவும் என்பவற்றைச் சில வரிகளிற் சேர்த்தெழுதுவாராயின் அது குறிப்புரை நூலடைவு ஆகும். நம் கல்லூரியில் முதுகலை வகுப்பினரும் ஆய்வு மாணவரும் இதனை எழுதித் தருமாறு பணிக்கப்படுகின்றனர். ஆயின் எழுதித் தரப்படுவனவற்றுட் பல, நூலகத்து அட்டவணையைப் பெயர்த்தெழுதி, ஒவ்வொன்றின் கீழும் 'இது மிகவும் பயனுள்ள நூல்' என்று ஒரு வாலை ஒட்டிவைத்தனவாகவே காணப்படுகின்றன. ஆதலின் இதனைப்பற்றிச் சில கூற விழைகின்றோம்.

இம்முறை மேனாட்டிலிருந்து வந்த புதுமை என்று கருதுவார் உளர். பெயர் புதிதாயினும் கருத்து நமக்கு முற்றும் புதிதன்று. ஒரு நூலைக் கையிலெடுப்பார்க்கு அறிவிக்கவேண்டியன எவை என்பதை நன்னூலார் சிறப்புப்பாயிர இலக்கணத்துள் வகுத்திருக்கின்றார். ஆக்கியோன் பெயர், நூல் வந்த வழி, அது வழங்கும் எல்லை, நூலின் பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என்பன எட்டு. காலம், களம், காரணம் என்னும் மூன்றையும் இவற்றொடு கூட்டி உரைப்பாரும் உளர் என்பர். இப் பதினொன்றனையும் இன்றைய குறிப்புரையோடு வைத்து நோக்குவார்க்கு, விடுபட்டது மிகச் சிறிதென்பது புலனாகும். 'வழி' என்பதனையே எடுத்துக்கொள்வோம். ஆசிரியர் கல்வெட்டையும் சுவடியையும் அரசாங்க ஆவணத்தையும் தாமே கண்டு எழுதினாரா, அன்றி மற்றொருவர் நூலைப் பார்த்து எழுதினாரா என்பதே இக்காலத்தில் அச்சொல்லுக்கு நாம் கொள்ளத்தக்க பொருள். 'கேட்போர்' என்பதும் அவ்வாறே. பள்ளிச் சிறுவர்க்கென எழுதப்பட்ட வரலாற்றுச் சுருக்கத்தை ஆய்வுநூலோடு ஒருங்கு வைத்து எண்ணுவது மாணவர் பலரிடம் காணப்படும் பிழை.

பாயிரம் பற்றிய மரபில் மற்றொன்றும் கருதத்தக்கது. நூல் செய்தவரே தம் நூற்குச் சிறப்புப்பாயிரம் செய்தல் தகாது. அவர்தம் ஆசிரியரோ, உடன் பயின்றவரோ, மாணாக்கரோ, உரைகாரரோ செய்தல் வேண்டும். தன்னைத் தானே புகழ்தல் கூடாதென்பது அதன் காரணம். புத்தகத்தின் பின்னட்டையிற் பதிப்பாளர் அச்சிடும் புகழுரையையும் ஆசிரியர் முன்னுரையையும் அப்படியே பெயர்த்துக் குறிப்புரையாக்கும் மாணவர் இதனை நினைத்தல் நலம். எனினும் பாயிரம் பிறர் சொல்லினும் புகழ்ச்சியே. நூலின் குறை கூறுதற்கு அதன்கண் இடமில்லை. குறிப்புரையோ குறையையும் கூறல் வேண்டும். அந்நூலுக்கும் தம் வினாவுக்கும் உள்ள தொடர்பையும் கூறல் வேண்டும். இவ்விரண்டே நாம் புதிதாகச் சேர்ப்பன.

தொடர்பு கூறுதற்கு முதலில் வினா ஒன்று வேண்டுமன்றோ? பலர் இவ்விடத்திலேயே இடறுகின்றனர். 'தமிழ் அச்சு வரலாறு' என்பது ஒரு பரப்பேயன்றி வினா ஆகாது. 'பத்தொன்பதாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் எவ்வகைத் தமிழ் நூல்கள் மிகுதியாக அச்சேறின?' என்பது வினா. 'அக்காலத்துப் பள்ளிச் சிறுவர் கையில் இருந்த அச்சுநூல்கள் எவை?' என்பது மற்றொரு வினா. ஒரே நூல் இவ்விரு வினாக்களுக்கும் உதவலாம். ஆனால் அதன் குறிப்புரை இரண்டிடத்தும் ஒன்றாக இராது. வினா இன்றி எழுதப்படும் குறிப்புரை நூலின் சுருக்கமாக நின்றுவிடும். சுருக்கம் எழுதுதல் வேறு கலை.

இனி, குறிப்புரை எழுதியோர் சிலரை எடுத்துக்காட்டுவோம். தமிழ் நூல்களைப்பற்றியே பிறமொழிகளில் எழுந்த அடைவுகள் இதற்கு நல்ல சான்று.

சீகன்பால்கு ஐயர் 1706-ஆம் ஆண்டு தரங்கம்பாடியில் வந்திறங்கினார். தமிழ் கற்கத் தொடங்கி இரண்டே ஆண்டுகளில், 1708-இல், தாம் தேடித் தொகுத்த தமிழ்ச் சுவடிகளுக்கு ஜெர்மன் மொழியில் ஓர் அடைவு எழுதினார். 'பிப்லியோதெக்கா மலபாரிக்கா' என அது வழங்கும். நூற்றுக்கு மேற்பட்ட தமிழ் நூல்களின் பெயரைக் கூறி, ஒவ்வொன்றன் கீழும் அதன் பொருளையும் தம் கருத்தையும் எழுதியிருக்கின்றார். அதன் படியொன்று இலண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளது. முழுமையான ஆங்கில மொழிபெயர்ப்பும் ஆராய்ச்சியும் 2012-இல் புதுச்சேரியிலிருந்து வெளிவந்தன. அவர் தொகுத்த சுவடிகளுட் பெரும்பாலன சிதறிப்போயின, குறிப்புகள் எஞ்சின. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சோழநாட்டுக் கடற்கரையூர் ஒன்றில் எந்நூல்கள் கிடைத்தன என்பதனை இன்று அக்குறிப்புகளைக் கொண்டே அறிகின்றோம். அவற்றுள் எழுதியவர்தம் சமயச் சார்பு வெளிப்படையாகத் தெரிகின்றது. அதனால் நமக்குக் கேடொன்றும் இல்லை. சார்பு தெரிய எழுதுவானை அளந்து கொள்ளலாம். யாதொரு சார்பும் அற்றவன் போல எழுதுவானை அளத்தல் அரிது.

இதற்கு நூற்றிருபது ஆண்டுகளுக்குப் பின் வந்தது மற்றோர் அடைவு. இந்தியத் தலைமை நில அளவையாளராயிருந்த காலின் மெக்கன்சி என்பார் தென்னாடெங்கும் ஆட்களைப் போக்கிச் சுவடிகளையும் கல்வெட்டுப் படிகளையும் ஊர் வரலாறுகளையும் தொகுத்து, 1821-இல் இறந்தார். கும்பினியார் அத்தொகுதியைப் பதினாயிரம் பவுன் கொடுத்து வாங்கினர். அதற்கு விளக்க அடைவு எழுதியவர் வில்சன் என்னும் வடமொழிப் புலவர். அது 1828-இல் கல்கத்தாவில் இரண்டு தொகுதிகளாக அச்சாயிற்று. வில்சன் பெரும் புலமையுடையவரே. ஆயின் தமிழும் தெலுங்கும் கன்னடமும் அவர் அறியார். மெக்கன்சியிடம் பணி செய்த நம் நாட்டு உதவியாளர் ஆங்கிலத்தில் எழுதிவைத்த சுருக்கங்களைக் கொண்டே தென்மொழிச் சுவடிகளைப்பற்றி எழுதினார். அதன் விளைவு யாது? அடைவைப் படிப்பார்க்குக் கேட்பது ஒரு குரல், வில்சன் குரல். உண்மையில் அங்கே இருப்பன இரண்டு குரல்கள். சுவடியை நேரிற் கண்டவர் சுருக்கினார். சுவடியைப் படிக்கவியலாதவர் அச்சுருக்கத்தைத் தம் நடையில் அமைத்தார். எங்கே சுவடி முடிகின்றது, எங்கே உதவியாளர் கருத்துத் தொடங்குகின்றது, எங்கே வில்சன் கருத்துப் புகுகின்றது என்று பிரித்தறிதல் பின்வந்தார்க்குப் பெருந்தொல்லையாயிற்று. வேறு வழியில்லாத அக்காலத்தில் இஃது ஒரு பெரும் பணியே; யாம் அவரைக் குறைகூறவில்லை. நூலகம் பக்கத்திலிருக்கவும் இதனையே செய்யும் நம் மாணவரைப்பற்றித்தான் பேசுகின்றோம்.

மூன்றாவது, ஜான் மர்டாக் என்பார் 1865-இல் சென்னையில் வெளியிட்ட தமிழ் அச்சுநூற் பட்டி. இதனை முன்னே கூறிய இரண்டாம் வினாவுக்கு, அதாவது பள்ளிச் சிறுவர் கையிலிருந்த நூல்கள் எவை என்பதற்கு, உரிய குறிப்புரையாக எழுதிக் காட்டுவோம். மாணவர் வடிவத்தை நோக்குக.

மர்டாக், ஜான். தமிழ் அச்சுநூல்களின் வகைப்படுத்திய பட்டி, முன்னுரைக் குறிப்புகளுடன். சென்னை, 1865. (ஆங்கிலம்.)

'அதுவரை அச்சான தமிழ் நூல்களைச் சமயம், இலக்கியம், மொழிநூல் முதலிய துறைவாரியாகப் பகுத்துக் கூறுவது; துறைதோறும் முன்னுரைக் குறிப்பு உண்டு. அச்சிடுவோர் நூற்படிகளை அரசாங்கத்திற்குத் தரவேண்டும் என்னும் சட்டம் 1867-இல் வந்தது. அதன்பின்னரே அரசாங்கப் பட்டிகள் ஒழுங்காக வெளிவந்தன. ஆதலின் அதற்கு முற்பட்ட காலத்திற்கு இந்நூல் சிறந்த துணை. ஆசிரியர் கிறிஸ்தவக் கல்விநூல் வெளியிடும் சங்கத்தைச் சேர்ந்தவர். எவை அச்சாயின, எவை இனி வேண்டும் என அறிதலே அவர் நோக்கம். பிற சமய நூல்களைப்பற்றிய அவர் மதிப்பீட்டை அந்நோக்கத்தோடு வைத்தே கொள்ளல் வேண்டும். எந்நூல்கள் அச்சாயின என்பதற்கு இது சான்று. அச்சான நூல்கள் பள்ளிகளில் உண்மையிற் பயிலப்பட்டன என்பதற்கு இதுமட்டும் சான்றாகாது. அதற்குப் பள்ளி அறிக்கைகளைக் காணல் வேண்டும்.'

இறுதி மூன்று வாக்கியங்களும் இல்லாவிடின் இக்குறிப்புரை வேறு எவருடைய அடைவிலும் இருக்கலாம். அவை இருத்தலாலேயே இவ்வினாவுக்கு உரியதாகின்றது. நூறு முதல் நூற்றைம்பது சொற்கள் ஒரு நூலுக்குப் போதும் என்பது பொதுவழக்கு. யாம் காட்டியது நூற்றுக்கும் குறைவு.

ஆசிரியர் பெயரின் அகரவரிசையில் அடுக்குவதா, பொருள்வாரியாகப் பகுப்பதா, பதிப்பாண்டை எவ்விடத்தில் எழுதுவது என்பனவற்றையெல்லாம் துறைத்தலைவர் வகுத்த முறைப்படி செய்க. எம்முறையைக் கொண்டாலும் தொடக்கமுதல் இறுதிவரை அம்முறையே கொள்க. நூலைக் கையில் வைத்திருக்கும்போதே அதன் பெயர்ப்பக்கத்தைப் பார்த்து விவரங்களை எழுதிக்கொள்ளுதல் நன்று. பின்னர் எழுதுவோம் என்று விட்டவர், அச்சிற்குப் போகும் நாளில் ஒரு பதிப்பாண்டுக்காக நூலகத்து வாயிலில் காத்துநிற்பதை ஆண்டுதோறும் காண்கின்றோம்.

ஒன்று மட்டும் இக்காலத்தார்க்குச் சிறப்பாகச் சொல்லவேண்டியுள்ளது. நூற்பெயரைக் கொடுத்தால் நொடிப்பொழுதில் குறிப்புரை எழுதித்தரும் கணினி நிரல்கள் இன்று எல்லார் கையிலும் உள. அவை எழுதும் நடை செவ்விதாகவே இருக்கின்றது. ஆனால் எழுதப்படாத நூலுக்கும் ஆசிரியர் பெயரும் ஆண்டும் பக்க எண்ணும் கூட்டிக் குறிப்புரை தருவதும் அவற்றின் இயல்பாயிருக்கின்றது. வில்சனுக்காவது சுவடியைக் கண்ட உதவியாளர் ஒருவர் இருந்தனர்.

கண்டிப்புக் கூறும் தகுதி எமக்கு முழுவதும் உண்டென்று சொல்லமாட்டோம். யாம் ஆய்வு மாணவராயிருந்த காலத்தில் வேறொரு கல்லூரியில் அறுபது நூல்களுக்குக் குறிப்புரை எழுதிக் கொடுத்தோம். அவற்றுள் ஒன்று வரலாற்று நூல். 'இதன் இரண்டாம் இயல் நம் பொருளுக்கு மிகவும் இன்றியமையாதது' என்று எழுதியிருந்தோம். தேர்வாளர் வாய்மொழித் தேர்வின்போது அந்நூலை நூலகத்திலிருந்து வருவித்தார். பழைய முறையில் தாள்களை மடித்துத் தைத்து, விளிம்பு வெட்டாமல் விற்கப்பட்ட படி அது. வாங்கிய நாள்முதல் ஒருவரும் அதன் தாள்களை வெட்டினாரில்லை. இரண்டாம் இயல் மூடியே கிடந்தது. தேர்வாளர் ஒன்றும் பேசாமல் மேசைமேலிருந்த தாள்வெட்டும் கத்தியை எடுத்து, நூலோடு சேர்த்து எம்பால் நீட்டினார்.

அன்றிரவு அத்தாள்களை வெட்டி அவ்வியலைப் படித்தோம். அதில் உப்பு வரியைத் தவிர வேறொன்றும் இல்லை. யாம் யாரைப் பார்த்து அக்குறிப்பை எழுதினோமோ அவரும் பிறரைப் பார்த்தே எழுதியிருத்தல் வேண்டும். மறுநாள் பழைய வரிகளை அடித்துவிட்டு, 'இரண்டாம் இயல் உப்பு வரி பற்றியது. நம் பொருள் இந்நூலில் இல்லை' என்று எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தோம். அறுபது குறிப்புரைகளுள் அவ்வொன்றன் ஓரத்தில் மட்டும் தேர்வாளர் 'சரி' என்று குறியிட்டார். மற்றை ஐம்பத்தொன்பதையும் மீண்டும் எழுத எமக்கு ஏழு திங்கள் ஆயின.